வீட்டு மரவேலைக்கு ஏற்ற சிறு மேசை ரம்பம்

மும்பை மாநகரின் கிழக்குக் கோடியில், தாணே கழிமுகத்தை அடுத்து அமைந்துள்ள மான்குர்த்தில் வீடுகள் மிகச் சிறியவை. நகர்ப் போக்குவரத்துத் திட்டத்திற்காக இருப்புப்பாதை ஓரக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டோருக்கு அங்குள்ள லல்லுபாய் காம்பவுண்டில் அளிக்கப்பட்ட வீடுகளின் பரப்பு 225 சதுர அடியே. 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியேறிய சீட்டா கேம்ப்பும் அண்மையிலேயே உள்ளது. அங்கு தமிழர் பலர் வாழ்கின்றனர். இத்தகைய வீடுகளில் கடையில் விற்கும் அலமாரியும் மேசையும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. கட்டிலுக்கு அடியில் ஓடும் பெட்டி, சமையல் மேடைக்கு மேல் அடுக்கு, படிக்கும் பிள்ளைக்குச் சுவரோடு மடியும் பலகை, பரணுக்கு ஏணி ஆகியவற்றை இடத்தை அளந்து, அளவுக்கேற்பச் செய்துகொள்ளவே வேண்டியிருக்கிறது.

இவ்வாறு தாமே செய்துகொள்ள முற்படுவோர் முதலில் இடறும் இடம் அறுப்பு வேலை. கைரம்பத்தால் நான்கடி நீளம் நேராக அறுப்பதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். ஆகையால், விலை குறைந்த சிறு மேசை ரம்பம் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டுமே பயன்படப்போகும் இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? எத்தனை குதிரைத்திறன், எத்தனை அங்குலத் தகடு என்று கேட்பதே வழக்கம். உண்மையில் இவ்விரண்டும் பிற்பட்ட கேள்விகள். தகட்டின் பின்னால் நிற்கும் ஒரு சிறு இரும்புத் துண்டும், தகட்டின் பக்கத்தில் நிற்கும் ஒரு சட்டமுமே விரலையும் வேலையையும் காப்பவை.

மேசை ரம்பத்தின் இயல்பு

வட்ட ரம்பத்திற்கான காப்புரிமை இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்தைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவருக்கு 1777-ல் வழங்கப்பட்டது. அன்று ஆலைகளுக்கே உரியதாக இருந்த அத்தகடு, இன்று ஓர் ஆள் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் மரம் அசையாதிருக்க, கருவி நகர்கிறது. மேசை ரம்பத்தில் கருவி நிலையாக இருக்கிறது. மேசையின் பிளவு வழியே எழுந்து நிற்கும் தகட்டை நோக்கி மரத்தை நாம் தள்ளுகிறோம். ஒரே அகலமுள்ள சட்டங்கள் பத்தோ இருபதோ வேண்டுமானால், இதற்கு நிகரான கருவி வேறில்லை. ஒரு முறை அளவு வைத்துவிட்டால் முதற் சட்டமும் இருபதாவது சட்டமும் ஒரே அளவாக வரும்.

ஆனால் முழு ஒட்டுப்பலகையை அறுப்பதற்கு இச்சிறு கருவி ஏற்றதன்று. எட்டடிக்கு நான்கடி அளவுள்ள, 18 மில்லிமீட்டர் தடித்த பிளைவுட் ஒன்றின் கன அளவு ஏறக்குறைய 0.054 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 600 கிலோகிராம் என்று கொண்டால் பலகையின் எடை 32 கிலோகிராம் ஆகிறது. தூக்கிச் செல்லும் மேசை ரம்பங்களில் பலவற்றின் எடையோ 25 கிலோகிராம் அளவே. தன்னிலும் கனமான பலகையை ஏற்றினால், பலகையின் பெரும்பகுதி மேசையைக் கடந்ததும் கருவியே கவிழ முற்படும். அறுப்பவர் அதைத் தாங்கிப் பிடிக்கக் குனிவார். அப்போது அவருடைய கை தகட்டின் அருகில் செல்லும்.

ஆகவே பெரிய பலகையைக் கடையிலேயே அறுத்து வாங்குவது அறிவுடைமை. பிளைவுட் விற்கும் பெரிய கடைகளிலும் தளவாடப் பட்டறைகளிலும் அளவு எழுதிக் கொடுத்தால் பலகை அறுக்கும் பெரிய இயந்திரத்தில் அறுத்துத் தருகிறார்கள். ஒரு வெட்டுக்கு இவ்வளவு எனக் கூலி பெறுகிறார்கள். அடுக்கும் பெட்டியும் மட்டுமே செய்யக் கருதுவோருக்கு இதுவே போதும். மேசை ரம்பம் தேவையே இல்லை. சிறிது கூடுதலாக அறுக்க விரும்புவோர், ஏழு அங்குலத் தகடுள்ள கை வட்ட ரம்பம் ஒன்றும், இரு பிடிமானக் கிளாம்புகளும், வளையாத அலுமினியச் சட்டம் ஒன்றும் வாங்கினால், அச்சட்டத்தின் ஓரமாக ரம்பத்தை ஓட்டி நேரான வெட்டைப் பெறலாம். தரையில் தெர்மாகோல் பலகையை விரித்து அதன்மேல் பிளைவுட்டை வைத்து அறுப்பது இடநெருக்கடியுள்ள வீடுகளுக்கு மிகவும் உகந்த முறை. ஒல்லியான சட்டங்களை மீண்டும் மீண்டும் கிழிக்க வேண்டியவர்க்கே மேசை ரம்பம் தேவை.

கவிழ்த்துப் பொருத்திய கட்டர்

மும்பையில் கட்டட வேலை நடைபெறும் இடங்களில் ஒரு காட்சியைக் காணலாம். தச்சர்கள் பழைய பிளைவுட் துண்டால் ஒரு மேசை செய்து, கல்லும் ஓடும் வெட்டுவதற்குரிய நான்கங்குல ‘மார்பிள் கட்டர்’ கருவியை அதன் அடியில் தலைகீழாகத் திருகி, கல் வெட்டும் தகட்டை எடுத்துவிட்டு மரத் தகட்டைப் பூட்டி, மேசை ரம்பமாகப் பயன்படுத்துகின்றனர். பல பத்தாயிரம் ரூபாய் பெறும் மேசை ரம்பத்தின் வேலையைச் சில ஆயிரம் ரூபாயில் முடிக்கும் இவ்வுத்தி, வீட்டில் மரவேலை செய்வோரையும் கவர்கிறது. அவர்களது திறமை போற்றத்தக்கதே; எனினும் இக்கருவியை வீட்டிற்குப் பரிந்துரைக்க இயலாது. அதன் காரணங்களைக் கணக்கிட்டே காட்டலாம்.

அக்கருவியின் தகடு நிமிடத்திற்கு ஏறத்தாழ 13,000 சுற்றுகள் சுழல்கிறது. 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டின் விளிம்பு வேகம் இதனால் விநாடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர் ஆகிறது. 254 மில்லிமீட்டர் தகடுள்ள மேசை ரம்பம் நிமிடத்திற்கு 3,650 முறை சுழலுமானால், அதன் விளிம்பு வேகம் விநாடிக்கு 48.5 மீட்டர்தான். சிறியது மெதுவானது என்ற எண்ணம் இங்குப் பிழையாகிறது. இரண்டாவதாக, நான்கங்குலத் தகடு சுமார் 34 மில்லிமீட்டர் ஆழமே வெட்டும். மேசைப் பலகையின் தடிப்பு 12 மில்லிமீட்டர் என்றால் மீதம் 22 மில்லிமீட்டர்; 18 மில்லிமீட்டர் பலகையை அறுக்கும்போது நான்கு மில்லிமீட்டரே மேலே தலைகாட்டும். மூன்றாவதாக, மேசையின்மேல் தகட்டை மூடிநிற்க உறை ஏதும் இராது. நிறுத்தும் விசையோ மேசையின் அடியில் இருக்கும். விபத்து நேரும் கணத்தில் அதைத் தேடிக் குனிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தகட்டின் பின்னால் இருக்க வேண்டிய அந்த இரும்புத் துண்டு அதில் இல்லை.

மரம் ஏன் திருப்பி எறியப்படுகிறது?

மேசை ரம்பத்தின் தகடு, அறுப்பவரை நோக்கிய முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்குகிறது. பின்பக்கத்தில் கீழிருந்து மேலாக எழுகிறது. முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துவதால் தீங்கில்லை. அறுபட்ட மரம் சிறிது திரும்பினாலோ, வெட்டின் இரு புறமும் நெருங்கித் தகட்டைக் கவ்வினாலோ, பின்பக்கப் பற்கள் மரத்தைப் பற்றித் தூக்கி, தகட்டின் தலைக்கு மேலாக அறுப்பவரை நோக்கி வீசிவிடுகின்றன. இதனையே தச்சர்கள் ‘கிக்பேக்’ என்கின்றனர்.

எச்சரிக்கை பெற்றுக் கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்குக் குறைந்தது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு காலம் வேண்டும். அதற்குள் தகடு பன்னிரண்டு முறை சுற்றிவிடும். அதன் விளிம்பு ஏறத்தாழப் பத்து மீட்டர் தூரம் ஓடிவிடும். மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை, மரம் நழுவியவுடன் முன்னோக்கித் தகட்டின்மேல் விழுவதே பல விரல்கள் போவதற்குக் காரணம். ‘கவனமாக இருந்தால் போதும்’ என்ற அறிவுரை இக்கணக்கின்முன் நிற்காது. அமெரிக்காவில் மேசை ரம்பத் தகட்டில் பட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வருவோர் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டுள்ளது. அனுபவமுள்ளவரும் அவர்களுள் உண்டு.

இதைத் தடுப்பதே ‘ரிவிங் நைஃப்’ எனப்படும் பிளவுத் தகடு. ரம்பத் தகட்டின் பின்னால், அதனோடு ஒட்டிய வளைவில், அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி அமைந்த எஃகுத் துண்டு இது. அறுபட்ட பிளவுக்குள் நுழைந்து நின்று, மரம் நெருங்கவும் திரும்பவும் இடந்தராமல் காக்கிறது. அதன் தடிப்பு, ரம்பத் தகட்டின் உடலைவிட மிகுந்தும், பற்கள் வெட்டும் பிளவைவிடக் குறைந்தும் இருக்க வேண்டும். 2.8 மில்லிமீட்டர் பிளவு வெட்டும் தகடு, 1.8 மில்லிமீட்டர் உடல் என்றால், 2.2 அல்லது 2.3 மில்லிமீட்டர் தடித்த பிளவுத் தகடு பொருந்தும். இவ்வளவுகள் பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பின்னாளில் மெல்லிய பற்களுள்ள வேறு தகடு வாங்கிப் பூட்டினால் மரம் பிளவுத் தகட்டில் முட்டி நின்றுவிடும். அப்போது பலர் பிளவுத் தகட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது ரம்பத் தகட்டையேயன்றி அதையன்று.

மான்குர்த் போன்ற கடலோர ஊர்களில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. மழைக்காலக் காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரம் சீராக இல்லாத மரத்தைக் கிழிக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு, வெட்டின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கும். ஜனவரியில் தடையின்றி அறுபட்ட அதே வகை மரம் ஜூலையில் தகட்டைக் கவ்வலாம்.

விரல் பட்டவுடன் தகட்டை நிறுத்தும் ஓர் அமைப்பை அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் 1999-ல் உருவாக்கினார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் பாய்ச்சி, 5 மில்லி விநாடிக்குள் தகட்டை நிறுத்துகிறது அது. அக்காலத்தில் தகடு மூன்றில் ஒரு சுற்றுக்கூடச் சுழல்வதில்லை. அரிய கண்டுபிடிப்பே ஆயினும், அதன் விலை இங்கே பேசப்படும் குடும்பங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிளவுத் தகடோ சாதாரண எஃகுத் துண்டுதான். அது இல்லாத மேசை ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் விட்டுவிட வேண்டும்.

வழிச்சட்டத்தைச் சோதித்தல்

மரத்தின் பக்கம் சாய்ந்து ஓடுவதற்காக மேசையின்மேல் உள்ள சட்டத்தைக் கடைக்காரர்கள் ‘ஃபென்ஸ்’ என்பர். இங்கு வழிச்சட்டம் எனலாம். விலை குறைந்த கருவிகளில் முதலில் பழுதாவது இதுவே. இது தகட்டிற்கு இணையாக நிற்க வேண்டும். பின்முனை தகட்டை நோக்கி ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும், மரம் பின்பக்கப் பற்களின்மேல் நெருக்கப்பட்டு, மேற்கூறிய விபத்துக்கு வழியாகிறது.

சோதிக்கும் முறை எளிது. எஃகு அளவுகோல் ஒன்றும் மார்க்கர் பேனா ஒன்றும் போதும். பிளக்கைக் கழற்றி வைத்தபின், தகட்டின் ஒரு பல்லில் குறி இட்டு, அதை முன்பக்கம் கொண்டுவந்து சட்டத்திற்கும் பல்லிற்கும் உள்ள தூரத்தை அளக்கவும். பின்னர் தகட்டைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளக்கவும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். வேறொரு பல்லை அளந்தால், தகட்டில் உள்ள நெளிவும் கணக்கில் புகுந்துவிடும். ஆதலின் ஒரே பல்லை அளப்பது முக்கியம். பிறகு சட்டத்தைத் தளர்த்தி நகர்த்தி மீண்டும் இறுக்கி, ஐந்தாறு முறை இவ்வாறே செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இணையாக நிற்பதே நல்ல சட்டம். பற்சக்கரத்தால் முன்னும் பின்னும் ஒருசேர நகரும் சட்டங்கள் இதில் மேலானவை. இச்சோதனைக்குக் கடைக்காரர் இணங்காவிடின் வேறு கடைக்குச் செல்வதே நன்று. நாகதேவி தெருவில் கடைகளுக்குக் குறைவில்லை. மான்குர்த்திலிருந்து துறைமுக வழித்தட ரயிலில் மஸ்ஜித் நிலையம் வரை செல்ல வேண்டியதே. திரும்பும்போது 25 கிலோகிராம் சுமையுடன் ஏற வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

மின்சாரமும் விசையும்

தூக்கிச் செல்லும் மேசை ரம்பங்கள் பெரும்பாலும் 1,500 முதல் 1,800 வாட் வரை மின்திறன் உடையவை. 1,800 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8 ஆம்பியர் வருகிறது. தொடங்கும் கணத்தில் இதைப்போல் பல மடங்கு ஓடும். ஆகவே விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கில் இதனைச் செருகுதல் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக்கே ஏற்றது.

எக்ஸ்டென்ஷன் வயரில் பலர் ஏமாறுகின்றனர். 10 மீட்டர் நீளமும் 0.75 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள செப்புக் கம்பியில், போக்கும் வரவும் சேர்ந்து மின்தடை 0.46 ஓம். எட்டு ஆம்பியர் ஓடும்போது அதில் 29 வாட் வெப்பமாக மாறுகிறது. விரித்துப் போட்டால் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் உறை இளகிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் மின்தடை 0.14 ஓம் மட்டுமே. ஓம் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

விசையில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால், அறுப்பவர் மரத்தை எடுக்கத் தகட்டருகே கை வைக்கக்கூடும். அவ்வேளை மின்சாரம் திரும்பினால் சாதாரண விசையுள்ள கருவி தானே சுழலத் தொடங்கிவிடும். மின்சாரம் நின்றதும் தானே விலகிக்கொண்டு, மீண்டும் அழுத்தினாலன்றி ஓடாத விசையுள்ள கருவியையே வாங்க வேண்டும். கடையில் ஓடவிட்டுப் பிளக்கை இழுத்து, மறுபடி செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலும், கருவியின் பெயர்த்தகட்டில் சதுரத்திற்குள் சதுரம் பொறித்திருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. அக்குறி இல்லாவிடின் மூன்றாவது கம்பி உண்மையாகவே எர்த்துடன் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தகடும் மரமும்

பத்தங்குலத் தகடு ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் ஆழம் வெட்டும். வீட்டு வேலைக்கு வரும் மரம் 50 மில்லிமீட்டரை மிஞ்சுவது அரிது. ஆகையால் எட்டங்குல அளவுள்ள தகடுடைய சிறிய கருவியே பலருக்குப் போதும். பற்களின் எண்ணிக்கை வேலைக்கேற்ப மாறும். மரத்தை நீளவாட்டில் கிழிக்க 24 பற்களும், பிளைவுட்டின் மேற்பரப்பு சிதறாமல் அறுக்க 60 பற்களும் ஏற்றவை. 60 பல் தகட்டால் தடித்த மரத்தைக் கிழித்தால் ஒவ்வொரு பல்லும் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே செல்லும், மரம் கருகும். ஒரே தகடு வாங்குவோர் 40 பற்களுள்ளதை வாங்கலாம்.

விலை குறைந்த மரம் தேடுவோர்க்குத் துறைமுகத்திற்குச் சரக்கு வந்த சட்டகங்களின் பலகைகள் பழைய பொருட் கிடங்குகளில் கிடைக்கின்றன. பெரும்பாலும் பைன் மரம், அறுக்க இலகுவானது. ஆனால் அதில் முறிந்த ஆணிகள் புதைந்திருக்கும். தகட்டின் கார்பைடு பல் ஆணியில் பட்டால் தெறித்துவிடும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின்மேல் மெதுவாக நகர்த்தினால், இரும்பாணி உள்ள இடத்தில் நூல் சாயும். பலகையில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரையோடு உள்ள எழுத்துகளையும் பார்க்க வேண்டும். எச்.டி. என்பது வெப்பமூட்டிப் பூச்சி நீக்கப்பட்டது என்றும், எம்.பி. என்பது மெதில் புரோமைடு என்னும் நச்சுவாயுவில் வைக்கப்பட்டது என்றும் பொருள்படும். பின்னதைச் சமையலறைக்கும் பிள்ளைகளின் பொருள்களுக்கும் தவிர்ப்பது நலம்.

இடமும் தூளும்

நான்கடிப் பலகையை அறுக்க, தகட்டிற்கு முன்னே நான்கடி, பின்னே நான்கடி, மேசை இரண்டடி என்று பத்தடி நீளம் தடையின்றி வேண்டும்; அறுப்பவர் நிற்கும் இடம் வேறு. 225 சதுர அடி வீட்டில் இது இயலாது. கட்டடத்தின் மொட்டைமாடியோ முற்றமோ, சங்கத்தாரின் இசைவுடன், இதற்கு உகந்தது. ஒலி 100 டெசிபல் அளவை எட்டுவதால் காதடைப்பான் அவசியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே எல்லை. இரவுப் பணியிலிருந்து வந்து பகலில் உறங்கும் அயலாரும் உண்டு. அவர்களிடம் நேரம் கேட்டுக்கொண்டு தொடங்குவது பண்பு.

மரத்தூள் அழுக்கு மட்டுமன்று, நோய்க்கும் காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் வெளியிட்ட தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்னும் முதற் பிரிவில் மரத்தூள் சேர்க்கப்பட்டது. மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகமூடி வேண்டும். ரம்பத்தின் தூள் வாயிலில் பை கட்டுவது பாதி வேலையைக் குறைக்கும்.

தனியொருவர் வாங்குவதைவிட, நான்கைந்து குடும்பங்களோ ஒரு பள்ளியோ கூடி ஒரு நல்ல கருவியை வாங்குவது சிக்கனமானது. அவ்வாறு வாங்குமிடத்து, பிளவுத் தகடும் உறையும் கழற்றப்படாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் பெற்றுக்கொள்ளும்போதே பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் கையைக் கொண்டுசெல்லாதபடி, போதிய நீளமுள்ள தள்ளுகோல் இரண்டு மரத்துண்டில் செய்து கருவியோடு கட்டித் தொங்கவிடலாம். கையுறை அணிதல் கூடாது. நூலிழை பற்களில் சிக்கினால் கையையே இழுத்துவிடும். முழுக்கைச் சட்டைக்கும் புடவைத் தலைப்புக்கும் இது பொருந்தும். அறுப்பவர் தகட்டின் நேர்பின்னால் நில்லாமல் சற்றே ஒதுங்கி நிற்க வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால், முதலில் காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். விரலை நேராகப் பனிக்கட்டியின்மேல் வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும். இவ்வாறு குளிர வைத்த விரல் பல மணி நேரம் வரை மீண்டும் இணைக்கத் தகுதியாக இருக்கும். மகாராஷ்டிரத்தில் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் கிடைக்கும். மான்குர்த்தினர் சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனைக்குச் செல்லலாம். புறப்படுமுன் தொலைபேசியில் செய்தியை அறிவிப்பதும், காயமுற்றவருக்கு வழியில் உணவோ தேநீரோ கொடாதிருப்பதும் அறுவை மருத்துவர்களின் நேரத்தை மிச்சப்படுத்தும்.